முரசடித்தவன் எப்போது உண்டான்?

ஃபோன்டன்புளோ அரண்மனையைப் பற்றிக் கல்லூரித் தேர்வில் பதினாறு பக்கம் எழுதி, வகுப்பிலேயே முதல் மதிப்பெண் பெற்றவள் நான். பாரிசு நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் அது இருக்கிறது. 1528ஆம் ஆண்டில் முதலாம் பிரான்சுவா மன்னன் பழைய கோட்டையை இடித்துப் புது மாளிகை எழுப்பத் தொடங்கினான். 1814 ஏப்ரல் 20ஆம் நாள் நெப்போலியன் தன் காவற்படையிடம் கண்ணீரோடு விடைபெற்றது அதன் முற்றத்தில்தான். அரண்மனையைச் சூழ்ந்து கிடப்பது அரசர்களின் வேட்டைக்காடு. இவ்வளவும் எனக்கு மனப்பாடம்!

நான் பிறந்ததோ இராசபாளையம். அரைமணி நேரம் பேருந்தில் சென்றால் திருவில்லிபுத்தூர். அங்கே திருமலை நாயக்கர் அரண்மனை ஒன்று நிற்கிறது. அதற்கு மேற்கே, மலையும் மலையைப் போர்த்திய காடும் இருக்கின்றன. கடல் கடந்த அரண்மனைக்குப் பதினாறு பக்கம் எழுதிய நான், கண்ணெதிரே நின்ற அரண்மனைக்குள் என் இருபத்தைந்தாம் வயது வரையில் காலடி எடுத்து வைத்ததில்லை. படித்தவர்கள் என்று பட்டம் சூட்டிக்கொண்டு உலவுகிறோமே, நம்மில் பலருடைய நிலை இதுதான். பக்கத்து வீட்டை அறியோம்; பாரிசை அறிவோம்!

ஆசிரியைப் பணி ஏற்ற மறு ஆண்டு, எட்டாம் வகுப்பு மாணவர்களை அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை புறப்பட்டேன். நூற்பாலைகளில் இரவு முறை முடித்துத் திரும்பும் தொழிலாளர்கள் கண் சிவக்க எதிரே வந்தனர். அவர்களில் இரண்டொருவர் என் மாணவர்களின் பெற்றோர். பிள்ளைகள் பேருந்தின் சன்னல் வழியே கைகாட்டினர். அரண்மனை பார்க்கச் செல்கிறோம் என்ற பெருமிதம் அந்தக் கைகளில் தெரிந்தது.

அரண்மனை மதுரை மகாலைப்போல் மலைக்க வைப்பதன்று, அளவிற் சிறியது. ஆயினும் அதே கைவண்ணம், அதே கட்டுமானம். தூண்கள் உயர்ந்து நின்றன. தூணையும் தூணையும் இணைத்து வளைவுகள் வளைந்து நின்றன. சுண்ணச்சாந்தின் வழவழப்பு காலத்தால் மங்கியிருந்தும் முற்றும் மறையவில்லை. மன்னன் வீற்றிருந்த இந்த மாளிகையில் பிற்காலத்தில் நெடுநாள் நீதிமன்றம் நடந்தது. மதுரை மகாலுக்கும் அதே கதைதான். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, மதுரை அரண்மனையின் பெரும்பகுதியைப் பெயர்த்தெடுத்தார். எஞ்சியது இடிந்து கிடந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அதைப் பழுது பார்க்கச் செய்தார். பிறகு அங்கும் நீதிமன்றம் அமர்ந்தது. அரசன் அமர்ந்த இடத்தில் வழக்காடிகள் அமர்ந்தனர். காலத்தின் கை வலியது!

நான் பேசத் தொடங்கினேன். திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டதைச் சொன்னேன். மதுரை மகால் 1636இல் எழுந்ததைச் சொன்னேன். பேசப் பேச என் குரல் எனக்கே இனித்தது. அந்த இனிப்பில், இவ்வட்டாரத்தில் பாட்டிமார் சொல்லும் கதையையும் எடுத்துவிட்டேன்.

மதுரையில் இருக்கும் மன்னர், திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் உச்சிக்காலப் பூசை முடிந்த பின்னரே உண்பாராம். பூசை முடிந்த செய்தி மதுரைக்கு எப்படி எட்டும்? வழி நெடுக மண்டபங்கள். மண்டபந்தோறும் முரசு. இங்கே பூசை முடிந்ததும் முதல் முரசு முழங்கும். அதைக் கேட்டு அடுத்த மண்டபத்து முரசு முழங்கும். அதைக் கேட்டு அதற்கடுத்தது. இப்படி ஒலி ஓடி ஓடி மதுரையை அடையும். மன்னர் கை கழுவி இலை முன் அமர்வார்.

"என்னே மன்னரின் உறுதி!" என்று முடித்தேன். பிள்ளைகள் வாய் பிளந்து நின்றனர். ஒருத்தி மட்டும் வாய் பிளக்கவில்லை. பின்வரிசையில் நின்ற அந்தச் சிறுமி, வகுப்பில் அதிகம் பேசாதவள், கையை உயர்த்தினாள்.

"டீச்சர், ராசா சாப்பிடாமக் காத்திருந்தாரு, சரி. முரசு அடிச்ச ஆளு எப்ப சாப்பிட்டாரு?"

யாரோ ஒரு பையன் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. பதில் தேடினேன், கிடைக்கவில்லை. பட்டம் பெற்ற என்னிடம் மன்னன் பசித்திருந்ததற்குக் கதை இருந்தது. முரசடித்தவன் பசிக்கு ஒரு சொல்லும் இல்லை.

பதில் தெரியாத ஆசிரியர் செய்யத்தக்கது ஒன்றுதான்: மாணவர்களோடு சேர்ந்து கணக்குப் போடுவது. தாழ்வாரத்தில் அமர்ந்தோம். மதுரைக்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே எழுபது கிலோமீட்டருக்கு மேல். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு முரசு என்று கொண்டாலும் முப்பத்தைந்து மண்டபங்கள் வேண்டும். ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஆகவே ஒலியின் பயணத்துக்கு மூன்றரை நிமிடம் போதும். ஒவ்வொருவரும் கேட்டு, கோல் எடுத்து, அடிக்கும் நேரம் தனி. ஒருவன் தூங்கிவிட்டால் மன்னர் பட்டினி. ஆகவே ஒருவனும் தூங்க முடியாது. ஒருவன் நகர்ந்தால் சங்கிலி அறுந்துபோகும். ஆகவே ஒருவனும் நகர முடியாது. வெயிலிலும் மழையிலும், வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட நாளிலும், முப்பத்தைந்து பேர் காது தீட்டிக் காத்திருக்க வேண்டும்; ஒருவர் உண்பதற்காக!

"சார்ந்து ஆள் மாத்தி வச்சிருப்பாங்க டீச்சர், எங்க அப்பா மில்லுல ஷிப்டு மாதிரி" என்றான் ஒரு பையன்.

"அப்ப எழுபது பேர்" என்றாள் அந்தச் சிறுமி.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இக்கதை நடந்ததா என்பதே ஐயத்துக்குரியது. பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனையும் திருச்செந்தூர் முருகன் கோயிலையும் இணைத்து, இதே கதையை மணிமண்டபங்களோடு நெல்லைச் சீமையில் சொல்கிறார்கள். கதைக்குக் கால் உண்டு. ஊர் விட்டு ஊர் நடக்கும், மன்னனை மாற்றிக்கொள்ளும். அதையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஆனால் என்னை உறுத்தியது கதை உண்மையா பொய்யா என்பதன்று. எந்த ஊருக்கு நடந்து போனாலும், எந்த மன்னனை ஏற்றுக்கொண்டாலும், அந்தக் கதை முரசடித்தவனின் பசியை மட்டும் தன்னோடு எடுத்துச் செல்வதில்லையே, அது ஏன்? யாருடைய நம்பிக்கையையும் எள்ளி நகையாட இதை எழுதவில்லை. கதை சொல்லும் நம் வாயைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அன்றிரவு வீட்டில் பழைய பெட்டியைத் திறந்து கல்லூரிக் குறிப்பேட்டை எடுத்தேன். பதினாறு பக்கங்களையும் படித்தேன். கூரை ஓவியம் இருந்தது. மன்னனின் காதலியர் பெயர்கள் இருந்தன. கல் சுமந்தவனைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தக் காட்டின் ஓரத்தில் உழுதவனைப் பற்றி அரை வரி இல்லை. முதல் மதிப்பெண் மட்டும் சிவப்பு மையில் மின்னியது!

உழவனைப் பற்றிய நூல்களைத் தேடிப் படித்தேன். பிரெஞ்சு நாட்டில் வேட்டையுரிமை மன்னனுக்கும் பிரபுக்களுக்கும் உரியது. மன்னனின் வேட்டை வட்டாரங்களில் மானும் பன்றியும் பயிரை மேய்ந்தாலும் உழவன் கொல்லக்கூடாது. கவுதாரிக் குஞ்சுகள் கலைந்துவிடும் என்பதற்காக, குறித்த காலத்தில் களையெடுக்கவும் கூடாது என்று கட்டளை இருந்ததாம்! அரசன் சுட்டு மகிழ்வதற்குக் கவுதாரி வளரவேண்டும். அது வளர்வதற்கு உழவனின் களையும் வளரவேண்டும். 1789இல் நாடெங்கும் மக்கள் தங்கள் குறைகளை ஏடுகளில் எழுதி அனுப்பியபோது, ஊர் ஊராக எழுந்த முறையீடுகளுள் வேட்டையுரிமைக்கு எதிரானதும் ஒன்று. அதே ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் இரவு, தேசிய மன்றத்தில் பிரபுக்களின் தனியுரிமைகள் சரிந்தன. புறாக்கூட்டு உரிமை போயிற்று, வேட்டையுரிமை போயிற்று, மன்னனின் வேட்டை வட்டாரங்களும் போயின. பிரெஞ்சுப் புரட்சி என்றதும் பாஸ்டில் சிறை நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் கவுதாரிக் குஞ்சுக்காகக் களை பிடுங்க முடியாமல் வரப்பில் நின்ற உழவனும் அந்தப் புரட்சியின் தந்தைதான்.

மன்னன் போனான், காடு என்னாயிற்று? மரம் வெட்டி விற்போர் பெருகினர். அப்போது ஃபோன்டன்புளோ காட்டுக்காக வாதாடியவர்கள் ஓவியர்கள். காட்டோரத்துப் பார்பிசோன் என்னும் சிற்றூரில் தங்கி மரங்களை வரைந்துகொண்டிருந்தவர்கள், தியோடர் ரூசோ போன்றோர், முதுமரங்களை வெட்டாதீர் என்று குரல் கொடுத்தனர். 1861இல் ஆயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட காடு, கலைக்காப்பிடமாக ஒதுக்கப்பட்டது. அமெரிக்காவில் எல்லோசுடோன் பூங்கா அமைந்தது 1872இல்தான். வேட்டைக்காக வளர்த்த காடு, பார்ப்பதற்காக வாழ்ந்தது.

அப்படியானால் நம் காடு யாருக்காக வாழ்கிறது? இந்தக் கேள்வியோடு அடுத்த சனிக்கிழமை, முறைப்படி இசைவு பெற்று, அதே பிள்ளைகளைச் செண்பகத்தோப்புக்கு அழைத்துச் சென்றேன்.

செண்பகத்தோப்பு திருவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரம். மாந்தோப்புகளைக் கடந்ததும் காற்றின் மணமே மாறிற்று. ஓடைக்கரை மரங்களின் உச்சியில் எதுவோ சலசலத்தது. நிமிர்ந்தோம். வால் நீண்ட, நரை படிந்த பெரிய அணில் ஒன்று கிளையிலிருந்து கிளைக்குத் தாவியது. தென்னிந்தியாவின் சில காடுகளிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் நரை அணில் அது. அதற்காகவே 1988இல் இங்கே சரணாலயம் அமைந்தது. மரம் மரத்தோடு கைகோத்து நிற்கும் இடத்தில்தான் அதற்கு வாழ்வு. கிளைத்தொடர் அறுந்தால், தரையில் இறங்க வேண்டும், இறங்கினால் பகை. 2021 பிப்ரவரியில் இந்தக் காடும் மேகமலைக் காடும் சேர்ந்து புலிகள் காப்பகம் ஆயின. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நாட்டில் 51ஆவது, தமிழ்நாட்டில் 5ஆவது.

"புலிக்கு எதுக்கு டீச்சர் இவ்வளவு இடம்?" என்றான் ஷிப்டுக் கணக்குச் சொன்ன பையன்.

"நேற்று உன் வீட்டில் குடிதண்ணீர் வந்ததா?" என்று கேட்டேன். வந்தது என்றான். இராசபாளையத்துக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் இந்த மலைத்தொடரின் அடியில்தான் இருக்கிறது. வைகைக்கு நீர் சுரப்பதும் இந்தத் தொடரின் மறுபுறத்து மேகமலைப் பகுதிதான். புலி இருக்குமிடத்தில் மான் இருக்கும். மான் இருக்குமிடத்தில் புல் இருக்கும். புல்லும் மரமும் இருக்குமிடத்தில் மழைநீர் ஓடிவிடாமல் ஊறி நிற்கும். புலிக்கு ஒதுக்கிய இடம் நம் குடத்துக்கு ஒதுக்கிய இடம். மன்னன் காட்டைக் காத்தது தன் வேட்டைக்கு. மக்கள் காட்டைக் காப்பது தங்கள் நீருக்கு. இரண்டும் காவல்தான், நோக்கம் வேறு!

இப்படிச் சொல்லி நான் மீண்டும் என் குரலின் இனிப்பில் மயங்கும் நேரத்தில், அங்கே ஒரு பெரியவரைச் சந்தித்தோம். செண்பகத்தோப்பில் வாழும் பளியர் குடியைச் சேர்ந்தவர். பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு தேன் எடுப்பதைப் பற்றிக் கேட்டனர்.

"அடையை முழுசா அறுக்கமாட்டோம், கண்ணுகளா. பூச்சிக்குன்னு கொஞ்சம் விட்டுட்டு வருவோம். முழுசா எடுத்தா அடுத்த வருசம் அது எதுக்கு இங்க வரும்?"

"காடு யாருதுங்க தாத்தா?" என்றாள் அந்தச் சிறுமி. இவள் எங்கே போனாலும் இப்படித்தான்!

பெரியவர் சிரித்தார். "நாங்க காட்டோட ஆளுக, தாயி. காடு எங்களுதுன்னு நாங்க சொன்னதில்ல. மத்தவங்கதான் மாத்தி மாத்திச் சொன்னாங்க."

அவர் சொன்ன 'மாத்தி மாத்தி' என்பதற்குள் ஒரு வரலாற்றுப் புத்தகமே அடங்கிக் கிடக்கிறது. இந்த மலைத்தொடரின் அடிவாரத்தில் சேத்தூர், சிவகிரி முதலிய பாளையங்கள் இருந்தன. அவை பிறகு ஜமீன்கள் ஆயின. எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய வெள்ளை வேட்டை நாய், 2005இல் அஞ்சல்தலையில் இடம்பெற்று நாங்கள் பெருமைப்பட்டோமே, அந்த நாய் காட்டுப்பன்றியை விரட்டிப் பெயர் பெற்றது. 1882இல் வெள்ளையர் ஆட்சி சென்னை மாகாண வனச்சட்டம் கொண்டுவந்து ஒதுக்குக்காடுகளை வரையறுத்தது. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. காட்டின் எசமானர்கள் மாறினார்கள். காட்டோடு வாழ்ந்தவர்களின் உரிமையை மட்டும் எழுத்தில் எழுத 2006ஆம் ஆண்டு வரை நாடு காத்திருந்தது. அந்த ஆண்டு நிறைவேறிய வன உரிமைச் சட்டம், பழங்குடி மக்களுக்கு இழைத்த வரலாற்று அநீதியைப் பற்றித் தன் முகவுரையிலேயே பேசுகிறது. தேன், கிழங்கு போன்ற சிறு வனப்பொருள்களைத் திரட்டும் உரிமையை அது ஏற்கிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. அது ஒவ்வொரு குடிசைக்கும் வந்து சேர்வதுதான் நாட்டின் கடன்.

காட்டைக் காக்க வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் காக்கும்போது பழைய மன்னனின் வேலியை நாம் கடன் வாங்கிவிடக் கூடாது. அடிவாரத்துத் தோட்டத்தில் பன்றி புகுந்து பயிரைக் கிளறினால், உழவன் இழப்பீடு கேட்க இன்று வழி இருக்கிறது. கவுதாரிக் காலத்து உழவனுக்கு அது இல்லை. அந்த வழி அவனுக்கு எளிதாகத் திறந்திருக்கிறதா என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். தேனடையில் பூச்சிக்குப் பங்கு வைக்கும் பெரியவரிடமிருந்து, காட்டில் அவருக்கு உரிய பங்கை மறவாதிருக்க நாம் கற்கவேண்டும்.

திங்கட்கிழமை வந்தது. நண்பகல். பள்ளியில் மணி அடித்தது. பிள்ளைகள் தட்டெடுத்துக்கொண்டு ஓடினர். நான் அப்படியே நின்றேன். எத்தனை முறை கேட்ட மணி! அன்றுதான் காதில் விழுந்தது.

1920இல் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு தரத் தொடங்கியது. 1956இல் எங்கள் விருதுநகர்ச் சீமையில் பிறந்த காமராசர் அதை மாநிலத் திட்டமாக்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. தொடங்கிய ஊர் எது தெரியுமா? மதுரை! மன்னன் ஒருவன் உண்பதற்காக முரசொலி ஓடியதாகக் கதை சொல்கிறோமே, அதே மதுரையில், ஏழைப் பிள்ளை உண்பதற்காக மணி ஒலித்தது. அரண்மனை முரசுக்கும் பள்ளிக்கூட மணிக்கும் இடையே உள்ள தொலைவுதான் நாம் நடந்து வந்த தொலைவு.

இந்த எண்ணத்தில் நெஞ்சு நிமிர்த்தி உணவுக்கூடத்துக்குச் சென்றேன். அந்தச் சிறுமி தட்டோடு வரிசையில் நின்றாள். அவள் கண் சோற்றின் மேல் இல்லை. சோறு பரிமாறும் அம்மாவின் மேல் இருந்தது. அடுப்புப் புகையில் காலையிலிருந்து வெந்தவர். என்னைப் பார்த்ததும் மெல்லக் கேட்டாள்:

"டீச்சர், இவங்க எப்ப சாப்பிடுவாங்க?"

அப்போதுதான் அவள் கேள்வி எங்கே பிறந்தது என்று கேட்கத் தோன்றிற்று. தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவள் அம்மா ஆலை வேலை முடிந்து வந்து சமைத்து, எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்பாராம். சில நாள் மிஞ்சுவதில்லையாம்.

என் அம்மா சத்திரப்பட்டியில் விசைத்தறியில் பேண்டேஜ் துணி நெய்தவர். அந்தக் கூலியில் நான் பட்டம் பெற்றேன். எனக்கு முன் அவர் இலை முன் அமர்ந்ததை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. "பசிக்கல, நீ சாப்பிடு" என்பார். இருபத்தைந்து ஆண்டுகள் அதை நம்பினேன். மன்னன் காத்திருந்தால் அது கதை. மண்டபம் கட்டிச் சொல்கிறோம். அம்மா காத்திருந்தால் அது வழக்கம். வாய் திறந்தும் கேட்பதில்லை!

அன்றிரவு தட்டை முதலில் அம்மாவுக்கு வைத்தேன். மறுத்தார். "பசிக்கல" என்றார். எதிரே அமர்ந்து, "நீங்க எடுத்த பிறகுதான் நான் தொடுவேன்" என்றேன். சிறிது நேரம் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு பிடி எடுத்தார். நெடுநேரம் அதை மென்றுகொண்டே இருந்தார்.

நண்பர்களே! அரண்மனைகளுக்குச் செல்லுங்கள், தூணைத் தொட்டுப் பாருங்கள், வளைவை அண்ணாந்து பாருங்கள். அந்த அழகு நம் முன்னோர் கையில் பிறந்தது. காட்டுக்குச் செல்லுங்கள், நரை அணில் தாவும் கிளைத்தொடர் அறுந்துவிடாமல் காப்பாற்றுங்கள். ஆனால் எங்கே சென்றாலும் அந்தச் சிறுமியின் கேள்வியைக் கையோடு கொண்டு செல்லுங்கள். மாளிகை வாயிலிலும் கேளுங்கள், மலையடிவாரத்திலும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில், இன்றிரவு உங்கள் வீட்டு அடுக்களையில் கேளுங்கள்.